கூடைக்குச் சட்டை தைத்தவள்

கௌலத் சைக்கிளில் ஏறியதே இல்லை. கொழிஞ்சாம்பாறைக் கடைவீதிக்கு அப்பால் எந்த ரோட்டிலும் அவள் கால் பட்டதில்லை. பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்த அன்று மூடுவண்டிக்குள் உட்கார்ந்து வந்தவள், வழியில் பார்த்ததெல்லாம் வண்டித் திரையைத்தான். ஆனாலும் சித்தூர் ரோட்டில் ஒரு வளைவில் கல் ஒன்று இடதுபக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கிறது என்பதும், எல்லோரும் அதைக் கண்டு பயந்து வலதுபக்கம் ஒடிக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு அது தெரிந்தது பைகளைப் பார்த்து.

அவள் கணவர் ஹக்கீம் ராவுத்தருக்குக் கடைவீதியில் வாடகை சைக்கிள் கடை. கடைக்குப் பின்னால் ஓர் அறை, நடுவில் ஒரு சாக்குத் திரை. திரைக்கு முன்னால் பஞ்சர் பசையின் நெடியும் காற்றடிக்கும் பம்பின் இரைப்பும். திரைக்குப் பின்னால் கௌலத்தின் கைத்தையல் மிஷின். பாலக்காட்டில் இலவம்பஞ்சு மெத்தை தைத்து விற்ற அவளுடைய அத்தா ஜப்பார், நகைக்குப் பதிலாக அதைத்தான் கொடுத்தனுப்பினார்.

மலம்புழையில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சிமெண்டு வந்திறங்கிய சணல் சாக்குகள் வண்டி வண்டியாகச் சந்தைக்கு வரும். ஹக்கீம் ஒரு கட்டு வாங்கிப் போடுவார். கௌலத் அவற்றைத் தொட்டியில் ஊறவைத்து, அடித்து, மறுபடியும் ஊறவைத்து, தண்ணீர் தெளிகிறவரை விடமாட்டாள். உடல் சாக்கு, மழை மறைக்கும் மடல் பழைய குடைத்துணி, மாட்டும் காதுக்குச் செத்துப்போன டியூப். இவ்வளவுதான் அவளுடைய சைக்கிள் பை. ஹேண்டில்பாரில் மாட்டுவதும், கேரியரின் இருபக்கமும் தொங்குவதுமாக விதவிதமாகத் தைத்தாள். கேரியரில் கட்டும் மூங்கில் கூடைக்கு உள்ளே விரிக்க உறையும் தைத்தாள். அதற்கு ஹக்கீம் வைத்த பெயர் கூடைச் சட்டை. "மனுசன் சட்டையில்லாமத் திரியறான். எங்கூட்டுல கூடைக்குச் சட்டை தச்சுப் போடறாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

பிய்ந்த பைகள் ஒட்டுப்போட அவளிடமே திரும்பி வரும். அவள் உடனே ஊசியை எடுக்கமாட்டாள். பையை மடியில் விரித்து, ஒவ்வொரு தையலாக விரலால் தடவிப் பார்ப்பாள். எங்கே தேய்ந்தது, எங்கே இழுத்தது, எந்தப் பக்கத்து மண் ஒட்டியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பாள்.

ஒருநாள் வெற்றிலை வியாபாரி குப்பண்ணன் பையைக் கொடுத்துவிட்டுக் கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தான். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, குப்பண்ணங்கிட்டச் சொல்லுங்க. பை வலதுபக்கம் செவுத்துல ஒரசி ஒரசித் தேஞ்சிருக்குது. புதுசாச் சுண்ணாம்பு அடிச்ச செவுரு. அங்க சைக்கிளைச் சாத்தாம இருந்தாருன்னா பை இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும்."

குப்பண்ணனின் முகம் சுண்ணாம்பாகவே ஆகிவிட்டது. அந்த மாதம் கடைவீதியில் சுண்ணாம்பு கண்ட ஒரே சுவர் கள்ளுக்கடைச் சுவர்.

"அக்கா, அக்கா, எங்கூட்டுல சொல்லிப்போடாதீங்க்கா!" என்று சாக்குத் திரையைப் பார்த்துக் கும்பிட்டான்.

"நான் எதுக்குச் சொல்றேன்? நீங்க பையைத் தொவைச்சுட்டு ஊட்டுக்குக் கொண்டு போங்க."

ஹக்கீம் பம்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, கையில் பையை வாங்கித் தானும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அது வெறும் கிழிந்த பைதான். ஊரெல்லாம் சைக்கிள் மிதித்தவர் அவர். ஊரைப் படிக்கிறவள் திரைக்குப் பின்னால் இருந்தாள்.

மாசி மாதத்தில் சென்னியப்பன் வந்து நின்றான். கடைவீதிக்குக் கிழக்கே, பனங்காட்டை ஒட்டிய ஓலைச் சாளையில் குடியிருப்பவன். கேரியரில் அகலமான மூங்கில் கூடை, அதற்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் மஞ்சள் வழிந்து காய்ந்த கோடுகள்.

"ராவுத்தரே, முட்டை யாவாரம் ஆரம்பிச்சனுங்க. ஊரூராப் பொறுக்கிப் பொள்ளாச்சிக்குக் கொண்டு போறனுங்க. போய்ச் சேர்றதுக்குள்ள ரோடே பொரியல் பண்ணிப்போடுதுங்க."

"வயக்காட்டு வேலைய உட்டுட்டு உனக்கு எதுக்கப்பா முட்டை?"

சென்னியப்பன் தலைத்துண்டை எடுத்து உதறி மறுபடி கட்டிக்கொண்டான்.

"எங்கூட்டுக்காரி கமலாத்தா மாசமா இருக்கறாளுங்க. முன்னால ரெண்டு தங்கலீங்க. ஒன்னு நடவுச் சேத்துல போச்சு. ஒன்னு செங்கச் சூளையில கல்லுச் சொமக்கறப்பப் போச்சு. இந்த வாட்டி அவ எதையுஞ் சொமக்கப்படாதுங்க. என்ற கூலி ஒன்னுல ரெண்டு வயிறு நெறையாது. அதுக்குத்தானுங்க இந்த முட்டை. இதும் ஒடஞ்சுதுன்னா அவ சூளைக்குக் கெளம்பிருவா. நாஞ் சொன்னாக் கேக்கறவ இல்லீங்க."

திரைக்குப் பின்னால் மிஷின் நின்றது.

"தம்பி, அந்தக் கூடையை உள்ள தள்ளுங்க" என்றாள் கௌலத்.

கூடையின் அடி மூங்கில் எங்கே நசுங்கியிருக்கிறது, முட்டைக் கறை எந்தப் பக்கம் அதிகம் என்று அன்று முழுவதும் பார்த்தாள். முட்டைகள் ரோட்டில் மோதி உடையவில்லை, ஒன்றோடொன்று மோதித்தான் உடைகின்றன என்று கண்டுகொண்டாள். அத்தாவின் மெத்தைகள் நினைவுக்கு வந்தன. மெத்தையில் நூலைக் குத்தி இழுத்து முடிச்சுப் போடும் இடத்தில் ஒரு குழி விழும். அந்தக் குழி ஒவ்வொன்றும் ஒரு முட்டைக்கு வீடானால்?

இலவம்பஞ்சை வாங்கிக் கொட்டை பொறுக்கி, தடிமனாகத் திணித்து, கூடையின் அடிக்கும் சுவருக்கும் மூடிக்கும் சேர்த்துத் தைத்தாள். குழி குழியாக மெத்தை. மேலே குடைத்துணி மடல். சென்னியப்பன் அதில் கையை வைத்ததும் வெடுக்கென்று எடுத்துவிட்டான். "ஏனுங்க்கா, இதுல முட்டையை வெக்கறதா, நானே படுத்துக்கறதா?"

முதல் நடை போய் வந்தவன், கடை வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் வந்து நின்றான். "ஒன்னுங்க்கா... ஒன்னுகூட..." என்றான். அவ்வளவுதான் சொன்னான். அன்று கமலாத்தாள் சூளைப் பேச்சை எடுக்கவில்லை என்று மறுநாள் சொன்னான்.

பங்குனி வெயில் வந்தது. பனைகளின் நிழல்கூடச் சுட்டது. ஒருநாள் உச்சிப்பொழுதில் சென்னியப்பன் கூடையைக் கொண்டுவந்து ஓசையில்லாமல் வைத்தான்.

"ஒடஞ்சுதா?" என்றார் ஹக்கீம்.

"ஒடையலீங்க. ஓட்டல்காரங்க ஒடைச்சாங்க. உள்ள ரத்தம் நூல் நூலா ஓடுதுங்க. அடைகாத்த கோழிக்கு அடியில இருந்து திருடிட்டு வந்தயான்னு கேட்டுப்போட்டாங்க. இனி அந்தப் பக்கம் வரவேண்டாம்னுட்டாங்க." அவன் கண்கள் தரையில் இருந்தன. "கமலா நாளானிக்குச் சூளைக்குப் போறங்கறாளுங்க."

கூடை அன்று இரவு அறையில் கிடந்தது. விடிகிற நேரத்தில் தண்ணீர் எடுக்கப் போன கௌலத், எதற்கோ நின்று, மூடியைத் தூக்கி உள்ளே கையை விட்டாள். நேற்று மத்தியானம் ரோட்டில் நின்றபோது கூடை குடித்த வெயில் அப்படியே உள்ளே இருந்தது. வெளியே விடிகாலைக் காற்று குளிர்ந்து வீச, மெத்தைக்குள் ஒரு பிராணியின் வயிற்றடிபோல இளஞ்சூடு. அவள் கை அங்கேயே நின்றுவிட்டது.

"ஏங்க, எந்திரிங்க! இங்க வந்து கையை வெச்சுப் பாருங்க."

ஹக்கீம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கையை விட்டார்.

"ஊரூராப் பொறுக்கி, கூடையிலேயே ரெண்டு மூனு நாள் வெச்சிருந்திருக்கறாரு. இத்தனை மெத்துன்னு இருக்கையில எதுக்கு வெளிய எடுக்கணும்? இது வெயிலைக் குடிச்சு வெச்சுக்கிட்டு விடவே இல்ல. அத்தா மெத்தை தச்சாங்க. நான் கோழியைத் தச்சு வெச்சிருக்கறேன்."

ஹக்கீம் சிரிக்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அதில் வருத்தம் இருந்தது, அதைவிட அதிகமாக வேறொன்று இருந்தது. துணியும் பஞ்சும் நூலும் சேர்ந்து, தைத்தவளுக்கே தெரியாமல், உயிரை எழுப்பத் தெரிந்துகொண்டுவிட்டன என்கிற மலைப்பு.

"அல்லாவோட வேலையில போய்க் கை வெச்சிருக்கறே" என்றார் மெதுவாக.

"இப்பச் சட்டையைக் கழட்டணும். அந்த அம்மிணி சூளைக்குப் போறதுக்குள்ள."

முட்டை அதிராமலும் இருக்க வேண்டும், காற்றும் ஓட வேண்டும். மெத்தை அதிர்ச்சியை வாங்கும், காற்றை விடாது. வைக்கோல் காற்றை விடும், அதிர்ச்சியைத் தாங்காது. அவள் கடைப்பக்கத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் திரை விலகி விலகி மூடியது. ஒவ்வொரு தடவை விலகும்போதும், கடைச் சுவரில் கொக்கியில் தொங்கிய பழைய டியூப்களில் ஒன்று, இழுபட்டு, மெல்ல ஏறி இறங்குவது தெரிந்தது. அதன் நுனியில் ஹக்கீம் தன் சாவிக்கொத்தை மாட்டியிருந்தார். காற்றில் டியூப் ஆடியது. சாவி சத்தமே போடவில்லை.

அன்று கத்திரி டியூப்களின் மேல் ஓடியது. நாடா நாடாவாக வெட்டி, கூடையின் விளிம்பைச் சுற்றிக் கட்டி, நடுவில் கொசுவலைத் துணியால் தொட்டில்போல ஒன்றைத் தொங்கவிட்டாள். அது அடியையும் தொடாது, சுவரையும் தொடாது. வலைக்குள் முட்டைக்கு முட்டை ஒரு தையல் தடுப்பு. அங்காடியிலிருந்து வாங்கிய முட்டைகளை அடுக்கி, "சல்லடை சலிக்கற மாதிரி ஆட்டுங்க" என்று கூடையைக் கணவரிடம் கொடுத்தாள்.

ஹக்கீம் பயந்து பயந்து ஆட்டினார். பிறகு வேகமாக ஆட்டினார். கூடை குதித்தது. உள்ளே தொட்டில், குளத்தில் விட்ட தோணிபோல, லேசாக அசைந்துகொண்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

"இதென்ன கௌலத்து?" என்றார். "எத்தனை டியூப் தூக்கிப் போட்டிருப்பேன் நான்!"

சென்னியப்பன் பழைய ஓட்டல்காரர்களிடம் போகவில்லை. மீனாட்சிபுரம் பக்கத்தில் புதுக் கடைகளைப் பிடித்தான். கமலாத்தாள் வீட்டிலேயே இருந்தாள். பஞ்சு மெத்தைச் சட்டை அடுக்களை ஆணியில் தொங்கியது. பிரித்துத் தலையணை ஆக்க வேண்டும் என்று கௌலத் தினமும் நினைப்பாள். ஆனால் அது ஆணியிலிருந்து விழுந்த அன்றே வீட்டுப் பூனை அதில் குடியேறிவிட்டது. மழை பிடித்ததும் பூனை சாப்பிட மட்டும்தான் எழுந்து வந்தது.

வைகாசி நடுவில் பிடிக்கும் எடவப்பாதி மழை அந்த வருஷம் பேய்மழை. மேற்கிலிருந்து கணவாய் வழியாகக் காற்று ஓலமிட்டு வந்தது. ஒரு காலையில் சென்னியப்பன் தொப்பலாக நனைந்து கடைக்குள் வந்து விழுந்தான்.

"பொறந்துருச்சுங்க ராவுத்தரே. இன்னும் மாசம் ஆகலீங்க, எட்டுதான். பொட்டப் புள்ள. கையளவுதான் இருக்குது. அழுகவே மாட்டீங்குது. ஒடம்பு சில்லுன்னு இருக்குது. மருத்துவச்சி பழனாத்தா, சித்தூர் ஆஸ்பத்திரிக்குச் சூடு குறையாமக் கொண்டு போனாப் பொழைக்கும்னு சொல்றா. பாலத்துல தண்ணி ஏறி பஸ்ஸு நின்னு போச்சுங்க. வண்டி கட்டினா மத்தியானம் ஆயிரும். பக்கத்தூட்டுல, எட்டாம் மாசத்துப் புள்ள தங்காதுன்னு இப்பவே..."

அவன் முடிப்பதற்குள் சாக்குத் திரை ஒதுங்கியது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, பகல் வெளிச்சத்தில், கௌலத் கடைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் பஞ்சு மெத்தைச் சட்டை. பின்னால், தூக்கி எறியப்பட்ட பூனை கோபமாகக் கத்திக்கொண்டிருந்தது.

"முட்டையைக் கெடுத்த சூடு" என்றாள். "இப்ப அதுதான் வேணும். தம்பி, அழுகாதீங்க. கூடையில முட்டை இருந்தா எல்லாத்தையும் எறக்கி வைங்க."

பூனை முடியைத் தட்டி, மெத்தையின் மேல் தன் வெளுத்த துப்பட்டி ஒன்றைக் கிழித்து இரண்டாக மடித்து விரித்தாள். டியூப் தொட்டிலுக்குள் மெத்தையை இறக்கினாள். பக்கத்துக் கடையிலிருந்து ஹக்கீம் சோடாப் புட்டிகளை வாங்கி வந்தார். வெந்நீர் ஊற்றி, அடைத்து, துணி சுற்றி, மெத்தைக்கு வெளியே சொருகினாள். இரண்டு சட்டைகளும், உதவாமல் போனதும் உதவியதும், ஒரே கூடைக்குள் ஒன்றாயின.

சென்னியப்பனின் சாளையில் கமலாத்தாள் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். பழனாத்தாள் குழந்தையைப் பழந்துணியில் சுற்றிக் கொடுத்தாள். முட்டைக்காகக் குழித்த குழிகளில் அதன் தலை ஒன்றிலும் இடுப்பு ஒன்றிலும் பொருந்தி உட்கார்ந்தன, அதற்கென்றே அளந்து வைத்ததுபோல.

கமலாத்தாள் கௌலத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவரு சைக்கிளை மிதிப்பாரா, திரும்பித் திரும்பிப் புள்ளையைப் பாப்பாரா? நீங்க கண்ணை எடுக்காமப் பாத்துக்குங்க்கா."

ஹக்கீம் தன் சைக்கிளை நிமிர்த்தினார். மனைவியைப் பார்த்தார். "கேரியர்ல உக்காருவியா?"

"முட்டையே உக்காந்து போவுது. நான் உக்காரமாட்டனா?"

அப்படித்தான் கௌலத் முதல் தடவையாகச் சித்தூர் ரோட்டைப் பார்த்தாள். துப்பட்டியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, ஒரு கையால் கணவரின் இடுப்பையும் மறு கையால் கேரியர் கம்பியையும் பிடித்துக்கொண்டு. தெற்கே நெல்லியாம்பதி மலைகள் மேகத்தைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றன. அத்தனை பெரிய ஒன்று இவ்வளவு பக்கத்தில் இருந்ததை எந்தப் பையும் அவளிடம் சொல்லவில்லை. கரும்பனைகள் வரிசை வரிசையாகக் காற்றோடு மல்லுக்கு நின்றன. பார்த்துத் தீராது. ஆனால் அவள் பார்த்தது ஒரு கணம்தான். கண் மறுபடி முன்னால் போன கூடைக்கே திரும்பியது.

சென்னியப்பனின் சக்கரம் பள்ளத்தில் விழும்போதெல்லாம் அவள் நெஞ்சு அதில் விழுந்தது. மூங்கில் கூடை எகிறியது. மடலின் இடுக்கில் தெரிந்த வெள்ளைத் துணி எகிறவில்லை. அவளே வெட்டிய டியூப், அவளே போட்ட முடிச்சு. ஆனால் அது தன் கையால் ஆனது என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. யாரோ கண்ணுக்குத் தெரியாதவர் கூடைக்குள் கையை விட்டு அந்தத் துணியைத் தாங்கிக்கொண்டு வருவதுபோல இருந்தது. "யா ரப்பே, கையை எடுத்துராதே" என்று உதடு முணுமுணுத்தது.

ஒரு வளைவு வந்தது.

"தம்பி, எடதுபக்கம் கல்லு!" என்று கத்தினாள்.

சென்னியப்பன் ஒடித்தான். ரோட்டில் ஓடிய செம்மண் தண்ணீருக்கு அடியில், கண்ணுக்கே தெரியாமல், அந்தக் கல் கடந்து போனது. ஹக்கீம் கழுத்தைத் திருப்பினார்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"பத்துப் பதினஞ்சு பை கிழிஞ்ச கல்லு, எனக்குத் தெரியாதா? ரோட்டைப் பாத்து மிதிங்க."

பாலத்தில் தண்ணீர் முழங்காலுக்கு ஓடியது. சென்னியப்பன் கூடையை அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். ஹக்கீம் ஒவ்வொரு சைக்கிளாகத் தூக்கிக் கடந்தார். கௌலத் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தாள். பாதித் தண்ணீரில் நின்று மடலுக்குள் இரண்டு விரலை விட்டாள். வெளியே மழை ஊசியாகக் குத்தியது. உள்ளே, பங்குனியில் அந்த விடிகாலையில் தொட்ட அதே சூடு. அந்தச் சூட்டுக்குள் மிகச் சிறியதாக ஒன்று, அவள் விரலைத் தேடி, பற்றியது.

"சென்னியப்பா, புடிக்கறா! வெரலைப் புடிக்கறா!"

அவனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. தலையில் கூடை. மழைத்தண்ணீரோடு கண்ணீரும் வழிய, "புடிக்கட்டுங்க்கா, புடிக்கட்டுங்க்கா" என்று சொல்லிக்கொண்டே நடந்தான்.

ஆஸ்பத்திரியில் வயதான மலையாள நர்ஸ் ஒருத்தி மடலைத் திறந்து கையை விட்டாள். அவள் புருவம் உயர்ந்தது. "ஈ மழையத்தும் குஞ்ஞினு நல்ல சூடுண்டல்லோ!" என்று, இந்த மழையிலும் பிள்ளைக்குச் சூடு குறையாததை வியந்தாள். தூக்கியதும் குளிர்ந்த காற்று பட்டது. குழந்தை அழுதது. கிழிசல் துணியை இழுப்பதுபோல மெல்லிய சத்தம். சென்னியப்பன் ஆஸ்பத்திரித் தூணைக் கட்டிக்கொண்டான்.

நர்ஸ் கூடையைத் திருப்பித் தரவில்லை. குழந்தையை மறுபடி அதற்குள்ளேயே வைத்து, வெந்நீர்ப் புட்டிகளை மாற்றச் சொன்னாள். மறுநாள் கமலாத்தாள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்து, பால் கொடுத்து, பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

ஆடி பிறந்து மழை ஓய்ந்த ஒரு நாள், சைக்கிள் மணி கடை வாசலில் விடாமல் அடித்தது. கமலாத்தாள் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள், கையில் குழந்தை. சென்னியப்பன் கூடையோடு நின்றான்.

"அக்கா, சட்டையைத் திருப்பித் தர வந்தமுங்க. உள்ள எங்கியோ கிழிஞ்சுபோச்சுங்க. பூனைக்குக் குடுத்துருங்க."

"பூனை வேற எடம் பாத்துக்கிருச்சு" என்றாள் கௌலத்.

அவள் மெத்தையை வாங்கி மடியில் விரித்தாள். வழக்கம்போலத் தையல் தையலாக விரல் போனது. பால் கறை. துப்பட்டித் துணியில் சின்னச் சின்ன மஞ்சள் வட்டங்கள். தலை இருந்த குழி அமுங்கி, வழவழவென்று ஆகியிருந்தது. விரல் இறங்கி இறங்கி, கீழ்ப்பக்கத்தில் ஓர் இடத்தில் நின்றது. அங்கே நூல் அறுந்து, துணி பிரிந்து, இலவம்பஞ்சு ஒரு விரல் நீளம் வெளியே வந்திருந்தது. ரோடு கிழித்த கிழிசல் இல்லை. மூங்கில் குத்தியதும் இல்லை. உள்ளேயிருந்து வெளியே கிழிந்திருந்தது.

"என்ன பாக்கறே?" என்றார் ஹக்கீம், சைக்கிளை விட்டுவிட்டு வந்து.

கௌலத் தலையைத் தூக்கவில்லை. அந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு அதன் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலது காலு" என்றாள் கடைசியில். "அழுகவே தெம்பில்லாம வந்தவ. இந்தக் கெட்டித் தையலை ஒதைச்சே பிரிச்சிருக்கறா!"

கமலாத்தாள் குழந்தையின் வலது பாதத்தைத் துணியிலிருந்து வெளியே எடுத்துக் காட்டினாள். சரியாக அந்த அளவு. அது காற்றில் ஒருதரம் உதைத்தது.

"ஊசி எடுக்கட்டுமா? ஒட்டுப் போட்டுருவியா?" என்றார் ஹக்கீம்.

"இதுக்கு ஒட்டுப் போடறதா?" என்றாள் கௌலத். பஞ்சைக்கூட உள்ளே தள்ளாமல், மெத்தையை அப்படியே மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.